செக் மக்கள் கரைந்துபோகாதது எப்படி?

உங்கள் கேள்வி இரண்டே வரி. "செக் மக்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர்தான். நானூறு ஆண்டுகள் வியன்னாவின் ஆட்சியில் இருந்தும் ஜெர்மானியரோடு கரைந்துபோகாமல் எப்படித் தப்பினார்கள்? அவர்கள் பெரிதாகச் சாதித்தது என்ன?" சாதனைகளைக் கேட்பதுபோல் இருந்தாலும், உங்களை உறுத்துவது முதல் பாதிதான் என்று நினைக்கிறேன். நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்கள் என்னிடம் கேட்டதும் அதையேதான். ஒரு முறை அரையாண்டு செக் தலைநகரான பிராகாவில் தங்கி, செக் மொழியைப் படிக்கும் அளவுக்குக் கற்றேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: அவர்கள் தப்பியது தற்செயல் அல்ல, வெறும் வீரத்தாலும் அல்ல. அகராதி, இலக்கணம், பள்ளிக்கூடம், சந்தா என்று உட்கார்ந்து செய்த வேலையால் தப்பினார்கள். அவர்களுடைய முதல் சாதனை என்று நான் எண்ணுவதும் அந்த வேலையைத்தான்.

இன்றைய செக் நாடு பொஹீமியா, மொராவியா, சைலீசியாவின் ஒரு பகுதி ஆகியவை சேர்ந்தது. மொழி ஸ்லாவிய இனத்தைச் சேர்ந்தது. ஆனால் பொஹீமியாவை மூன்று புறமும் பவேரியா, சாக்சனி, ஆஸ்திரியா என்று ஜெர்மன் பேசும் நிலங்களே சூழ்ந்திருக்கின்றன. ஜெர்மன் மொழி படையெடுப்போடு மட்டும் வரவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே செக் மன்னர்கள் தாங்களாக அழைத்து வந்த குடியேறிகளோடும், சுரங்கத் தொழிலாளர்களோடும், வணிகர்களோடும் வந்தது. இதை மறந்துவிட்டு, அயலான் ஒருநாள் புகுந்து மொழியைப் பறித்தான் என்று கதை சொன்னால் அது பாதி உண்மைதான். பொஹீமிய மன்னர் நான்காம் கார்ல் 1348இல் பிராகாவில் பல்கலைக்கழகம் தொடங்கினார். மத்திய ஐரோப்பாவில் அதுவே முதலாவது. அங்கே பாடம் நடந்தது லத்தீனில். செக்கரும் ஜெர்மானியரும் ஒரே கூரையின் கீழ்ப் படித்தார்கள்.

செக் மொழிக்கு எழுத்தில் ஒரு தனி உருவம் கிடைத்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதுவரை, லத்தீன் எழுத்தில் இல்லாத ஒலிகளை இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்துத்தான் குறித்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். அப்போது வந்த ஒரு சிறு நூல், எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று வழி காட்டியது. அந்தப் புள்ளிதான் பிறகு 'ஹாச்செக்' என்னும் சிறு கொக்கியாக மாறியது. ஸ்லோவாக், ஸ்லோவேனிய, குரோஷிய, லிதுவேனிய மொழிகள்கூட அதைப் பின்னர் எடுத்துக்கொண்டன. அந்த நூலை எழுதியவர் யான் ஹுஸ் என்பது மரபு; ஆய்வாளர் எல்லோரும் அதை ஒப்புவதில்லை. ஹுஸ் பிராகாவின் பெத்லகேம் ஆலயத்தில் மக்கள் மொழியில் பிரசங்கித்தார் என்பதும், திருச்சபையின் ஊழலைக் கண்டித்ததற்காகக் கான்ஸ்டன்ஸ் நகரில் 1415 ஜூலை 6 அன்று எரிக்கப்பட்டார் என்பதும் உறுதி. அவர் சாவு நாட்டையே கொளுத்தியது. தங்கள்மேல் வந்த ஐந்து சிலுவைப்போர்ப் படைகளை அவருடைய வழிவந்தோர் முறியடித்தார்கள். ஒற்றைக் கண்ணரான யான் ஜிஷ்கா வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கி, கதிரடிக்கும் கோலையே ஆயுதமாக்கிக் குடியானவர்களைப் போரிட வைத்தார். ஹோவிட்சர் என்ற பீரங்கியின் பெயர் அந்தப் போர்களின் செக் சொல்லிலிருந்து வந்தது. பிஸ்டல் என்ற சொல்லும் அப்படியே என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் கருத்து வேறுபாடு உண்டு.

அடுத்த நூற்றாண்டில் சகோதர ஐக்கியம் என்ற சிறு சபையின் அறிஞர்கள் மூலமொழிகளிலிருந்து பைபிளைச் செக்கில் பெயர்த்து, 1579 முதல் ஆறு தொகுதிகளாக அச்சிட்டார்கள். மொராவியாவின் கிராலித்சே என்ற சிற்றூரின் பெயரால் அது வழங்குகிறது. இதை மனதில் வையுங்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மொழியைத் தூக்கி நிறுத்த வந்தவர்களுக்கு இதன் மொழிநடைதான் அளவுகோலாக இருந்தது.

பிறகு வீழ்ச்சி. 1620 நவம்பர் 8 அன்று பிராகாவை ஒட்டிய வெள்ளைக் குன்றில் நடந்த போர் இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராக எழுந்த பிரபுக்கள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை. இன்றும் அங்கே தரைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிந்திருக்கின்றன. மணிக்கூண்டைப் படம் எடுக்கப் பின்னால் நகரும் சுற்றுலாப் பயணிகள் அவற்றின்மேல்தான் நிற்பார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் நின்றேன்; பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் என் கையை மெல்லத் தொட்டுத் தரையைக் காட்டினார். 1627இல் வந்த புதிய சட்டம் கத்தோலிக்கத்தைத் தவிர வேறு கிறிஸ்தவப் பிரிவை அனுமதிக்கவில்லை. ஜெர்மன் மொழிக்குச் செக்கோடு சம உரிமை தந்தது. சம உரிமை என்பது சட்டத்தில் எழுதியது. நடைமுறையில் ஜெர்மன்தான் மேலே ஏறியது. படித்தவர்களும் பிரபுக்களும் பெருந்திரளாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் யான் ஆமோஸ் கொமென்ஸ்கி. குழந்தைகளை அடித்துப் படிக்கவைக்காமல், பொருளைக் காட்டிப் படிக்கவையுங்கள் என்று சொல்லி, 1658இல் படங்களோடு கூடிய பாடநூல் வெளியிட்டவர். ஊர் திரும்ப முடியாமலே ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அவர் பிறந்த மார்ச் 28தான் செக் நாட்டில் ஆசிரியர் தினம்.

1620க்குப் பிந்தைய காலத்தை 'இருள்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பது செக் வழக்கம். இங்கே நிதானம் வேண்டும். அந்தச் சித்திரத்தைத் தீட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தேசபக்தர்கள். புத்தகங்கள் எரிக்கப்பட்டது உண்மை. அந்தோனின் கோனியாஷ் என்ற இயேசு சபைத் துறவி தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலையே தொகுத்தார். அவர் எரித்ததாகச் சொல்லப்படும் முப்பதாயிரம் என்ற எண்ணிக்கையை நான் வகுப்பில் சொல்வதில்லை. அது நம்பத்தக்க கணக்கு அல்ல. அதே இயேசு சபையின் பொஹுஸ்லாவ் பல்பின்தான், தாய்மொழியைக் காத்து வாதாடும் நூலை எழுதியவர். எழுதியது லத்தீனில். அவர் இறந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1775இல்தான் அது அச்சேறியது. அக்காலத்துக் கோயில்களும் சிற்பங்களும் இசையும் இன்றைய பிராகாவின் அழகில் பெரும்பங்கு. ஆக, பண்பாடு அழியவில்லை. மொழிதான் மேசையிலிருந்து அடுப்படிக்குப் போனது. பிரபுவும் நீதிபதியும் பேராசிரியரும் ஜெர்மன் பேச, குடியானவனும் வேலைக்காரியும் செக் பேசினார்கள்.

அப்படியானால் மொழியைக் காத்தது யார்? கிராமம். இதில் ஐயம் இல்லை. ஆனால் கிராமம் மட்டும் போதாது. கிராமத்து மொழிகள் எத்தனையோ ஓசையில்லாமல் மறைந்திருக்கின்றன. மூன்று செயல்கள் வேறுபாட்டை உண்டாக்கின. முதல் இரண்டையும் செய்தது வியன்னா என்பதுதான் வியப்பு. 1774இல் மரியா தெரேசா தொடக்கப் பள்ளிகளைப் பரப்பினார். கிராமப் பள்ளிகளில் பாடம் செக்கில் நடந்தது. 1781இல் அவர் மகன் இரண்டாம் ஜோசப், குடியானவரைப் பண்ணையோடு கட்டிப்போட்ட முறையை நீக்கினார். எழுதப்படிக்கத் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகள் தொழில் தேடி நகரத்துக்கு வந்தார்கள். அதே ஜோசப் நிர்வாகம் முழுவதையும் ஜெர்மன்மயமாக்க முனைந்தது படித்த செக்கர்களை உலுக்கியது. ஒரு கையால் விதையைத் தூவிவிட்டு மறு கையால் நிலத்தைப் பூட்டியதுபோல் ஆயிற்று. நகரத்துக்கு வந்த அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் பின்னாளில் பிராகாவைச் செக் நகரமாக்கியது. 1861இல் நகர மன்றமே செக்கர் கைக்கு வந்தது.

மூன்றாவது செயல் அறிஞர்களுடையது. யோசப் டோப்ரோவ்ஸ்கி என்ற பாதிரியார் செக் இலக்கணத்தை 1809இல் ஒழுங்காக எழுதி முடித்தார். எழுதியது ஜெர்மன் மொழியில். செக் மொழி உயர் இலக்கிய மொழியாக மீளும் என்று அவருக்கே பெரிய நம்பிக்கை இல்லை. சாகக்கிடக்கும் ஒருவரின் உருவத்தைச் சரியாக வரைந்துவைப்போம் என்ற மனநிலை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டே ஆளை எழுப்பியவர் அடுத்த தலைமுறையின் யோசப் யுங்மன். ஹுட்லித்சே என்ற கிராமத்துச் செருப்புத் தைப்பவரின் மகன், பள்ளி ஆசிரியர். அவர் தொகுத்த செக்-ஜெர்மன் அகராதி 1830களில் ஐந்து தொகுதிகளாக வந்தது. சுமார் 1,20,000 சொற்கள். பழைய நூல்களிலிருந்து எடுத்தார், கிராமத்துப் பேச்சிலிருந்து எடுத்தார், இல்லாததற்கு ரஷ்ய, போலிஷ் மொழிகளில் கடன் வாங்கினார். இன்று செக்கில் காற்றைக் குறிக்கும் 'வ்ஸ்துக்' அப்படி ரஷ்யத்திலிருந்து வந்ததுதான். பேசும் எவரும் அதை அயற்சொல் என்று உணர்வதே இல்லை. இவ்வளவு பெரிய அகராதியை அச்சிடுவது யார்? 1831இல் தொடங்கிய 'மத்தித்சே செஸ்கா' என்ற அமைப்பு, உறுப்பினர் சந்தா திரட்டிச் செக் நூல்களை வெளியிட்டது. ஆசிரியர்கள், பாதிரிமார், கடைக்காரர்கள் கொடுத்த காசு அது.

அறிவியல் சொற்களை ஆக்கியதில் யான் ஸ்வாதொப்லுக் ப்ரெஸ்ல் என்ற இயற்கை அறிஞர் முன்னின்றார். நீர் என்ற சொல்லிலிருந்து ஹைட்ரஜனுக்கு 'வொதீக்', புளிப்பு என்ற சொல்லிலிருந்து ஆக்சிஜனுக்கு 'கிஸ்லீக்'. இரண்டும் இன்று பள்ளிப் பாடநூலில் இருக்கின்றன. உப்பு என்ற சொல்லிலிருந்து குளோரினுக்கு அவர் தரப்பு முன்வைத்த 'சொலீக்' நிற்கவில்லை. இன்று செக்கரும் குளோர் என்றே சொல்கிறார்கள். யாரும் அதற்காக வருந்தவில்லை. பத்துச் சொல்லை ஆக்கி, புழங்கவிட்டு, நிலைத்ததை வைத்துக்கொள்வது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. கலைச்சொல் வேலையில் ஈடுபட்ட எந்தத் தமிழருக்கும் இந்த வரலாறு நெஞ்சைத் தொடும்.

இந்த மீட்சிக்கு ஒரு விலையும் உண்டு. டோப்ரோவ்ஸ்கி இலக்கணத்துக்கு அடிப்படையாகக் கொண்டது கிராலித்சே பைபிள் காலத்து மொழி. இடைப்பட்ட இருநூறு ஆண்டில் மக்கள் பேச்சு மாறிவிட்டது. ஆகவே எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் இடையே ஒரு பள்ளம் விழுந்தது. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சன்னலுக்கு எழுத்தில் 'ஒக்னோ'. அவர் சமையலறையில் நின்று மகனிடம் சொல்வது 'வொக்னோ'. 'நல்ல' என்பது எழுத்தில் 'டோப்ரீ', பேச்சில் 'டோப்ரேய்'. நான் வீட்டுப்பாடத்தில் 'வொக்னோ' என்று எழுதிவிட்டேன். அவர் சிவப்புப் பேனாவால் முதல் எழுத்தை அடித்துவிட்டு, அடுத்த நிமிடமே, குளிர்கிறது, 'வொக்னோ'வைச் சாத்து என்றார். தான் வேறாகச் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை.

இனி நான் மிக மதிக்கும் பகுதி. 1817, 1818 ஆண்டுகளில் இரண்டு பழஞ்சுவடிகள் 'கிடைத்தன'. ஒன்றை, ஒரு தேவாலயக் கோபுரத்தில் கண்டெடுத்ததாக வாட்ஸ்லாவ் ஹங்கா அறிவித்தார். மற்றது பெயரிடாத அஞ்சலில் வந்தது. இரண்டிலும் வீரகாவியங்கள்; ஒன்று ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றார்கள். ஜெர்மானியருக்கு இணையான பழமை எங்களுக்கும் உண்டு என்று நாடே குதூகலித்தது. ஓவியம், சிற்பம், இசை நாடகம் எல்லாம் அவற்றிலிருந்து பிறந்தன. இரண்டாவது சுவடி போலி என்று டோப்ரோவ்ஸ்கி அப்போதே சொன்னார், யாரும் கேட்கவில்லை. 1886இல் மொழியியலாளர் யான் கெபாவுர், உண்மையான பழஞ்செக் நூல்களின் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இந்தச் சுவடிகளின் மொழி எந்தக் காலத்துக்கும் ஒத்துவரவில்லை என்று காட்டினார். அவர் கட்டுரை வந்தது தாமஸ் மசாரிக் நடத்திய இதழில். இருவரையும் துரோகிகள் என்று ஏசினார்கள். மசாரிக் பின்வாங்கவில்லை, ஒரு மக்களின் பெருமை பொய்யின்மேல் நிற்கக்கூடாது என்பது அவர் நிலை. அவை போலி என்பதில் இன்று அறிஞரிடையே ஐயம் இல்லை. ஹங்காவோடு யார் யார் கூட்டு என்பதில்தான் விவாதம் மிச்சம். துரோகி என்று ஏசப்பட்ட அந்த மசாரிக்கைத்தான் 1918இல் அதே மக்கள் முதல் குடியரசுத் தலைவராக்கினார்கள். தம் பழமையைத் தாமே சோதித்துப் பொய்யைக் கழித்த இந்தச் செயலை, எந்தக் கண்டுபிடிப்பைவிடவும் பெரிய சாதனையாக நான் வைக்கிறேன். இது என் மதிப்பீடு; மறுப்போர் மறுக்கலாம்.

பிராகாவின் தேசிய நாடக அரங்கைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 1868இல் அடிக்கல், 1881 ஜூனில் திறப்பு, அதே ஆகஸ்டில் தீ. கூரையும் மேடையும் கரியாயின. நாற்பத்தேழு நாளில் அக்கால நாணயத்தில் பத்து லட்சம் குல்டன் திரண்டது என்பார்கள். 1883 நவம்பரில் மீண்டும் திறந்தார்கள். மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் இரண்டே சொல்: 'நாரோட் சோபியே', மக்கள் தமக்குத் தாமே அளித்தது. இரு திறப்பு விழாவிலும் ஒலித்தது பெட்ரிக் ஸ்மெதனாவின் இசை நாடகம். அவரும் ஜெர்மன் பேசி வளர்ந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில்தான் செக்கில் பிழையின்றி எழுதப் பயின்றார். 1874இல் காது முற்றும் கேளாமல் போனபின், அந்த ஆண்டே வல்தவா ஆற்றின் ஓட்டத்தை இசையாக்கினார். இசை நுட்பம் பேச எனக்குப் பயிற்சி இல்லை; ஆனால் பிராகா வசந்த விழா ஆண்டுதோறும் அவர் மறைந்த மே 12 அன்று அந்த இசையோடு தொடங்கும்போது அரங்கம் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

20ஆம் நூற்றாண்டை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். 1918 அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. அதில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் இருந்தார்கள், ஸ்லோவாக்கியரைவிட அதிகமாக. கணக்கெடுப்பில் செக்கரையும் ஸ்லோவாக்கியரையும் ஒரே இனமாகச் சேர்த்தெழுதி அந்த உண்மையை மறைத்தார்கள். 1938இல் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தம், 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை, 1942இல் லிதித்சே கிராமத்தில் 173 ஆண்கள் சுட்டுக் கொலை. பிராகாவின் பின்காஸ் யூதக் கோயிலில் சுவர் முழுதும் நாஜிகளால் மாண்ட செக் நிலத்து யூதர்களின் பெயர்கள், ஏறக்குறைய 78,000. அருகில் போனால் ஒரு கையகலத்தில் ஒரு குடும்பமே அடங்கியிருக்கும். போர் முடிந்தபின் செக்கர்கள் தங்கள் நாட்டின் ஜெர்மானியரை ஏறத்தாழ முழுமையாக வெளியேற்றினார்கள். அதில் இறந்தோர் 15,000 முதல் 30,000 வரை என்பது இருநாட்டு வரலாற்றாளர் குழுவின் கணிப்பு. ஜெர்மனியில் முன்பு சொல்லப்பட்ட தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல். தொகை எதுவானாலும், எழுநூறு ஆண்டுக் கூட்டுவாழ்வு இரண்டு மூன்று ஆண்டில் முடிந்தது. கரைந்துபோகாமல் தப்பிய கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்ததும், 1989 நவம்பரில் மக்கள் சாவிக்கொத்துகளைக் குலுக்கி அரசை வீட்டுக்கு அனுப்பியதும், 1993இல் ஸ்லோவாக்கியாவோடு சண்டையில்லாமல் பிரிந்ததும் தனிப் பதிலுக்கு உரியவை.

சாதனையாளர் பட்டியலில் ஓர் எச்சரிக்கை. மரபணுவியலின் மெண்டல் ப்ர்னோ நகரத் துறவி, பிராய்ட் மொராவியாவில் பிறந்தவர், காஃப்கா பிராகாக்காரர். மூவரும் எழுதியது ஜெர்மனில். அவர்களைச் செக் நிலத்தின் மக்கள் என்று சொல்லலாம். செக்கர் என்று எழுதினால் தவறாகும். 'ரோபோ' என்ற சொல் செக்கரின் கொடை என்பதில் ஐயம் இல்லை. பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலைக்குச் செக்கில் 'ரோபோட்டா' என்று பெயர். 1920இல் நாடகம் எழுதிக்கொண்டிருந்த கரெல் சாப்பெக்குக்கு அதிலிருந்து சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசப். வேதியியலுக்கு 1959இல் யாரோஸ்லாவ் ஹேய்ரோவ்ஸ்கியும், இலக்கியத்துக்கு 1984இல் யாரோஸ்லாவ் சைஃபர்ட்டும் நோபல் பெற்றார்கள்.

எனக்குப் பிடித்தவர் ஓட்டோ விஹ்தெர்லே. மென்மையான கான்டாக்ட் லென்சுக்கான ஆய்வை அரசு கைவிட்டபின், 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டு மேசையில், பிள்ளையின் 'மெர்குர்' விளையாட்டு உலோகத் துண்டுகளை முடுக்கி, சைக்கிள் டைனமோவை மோட்டாராக்கி, அச்சில் சுழலும் திரவத்திலிருந்து முதல் நான்கு லென்சுகளை எடுத்தார். அவருக்குத் தெரியாமலே காப்புரிமை அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. உங்கள் வீட்டில் யாராவது மென்மையான லென்ஸ் போட்டால், அது அந்த மேசையில் தொடங்கியது.

நம் ஊரோடு உண்மையான தொடர்பு இரண்டு உண்டு. பாட்டா, 1894இல் மொராவியாவின் ஸ்லீனில் தோமாஷ் பாட்யா என்பவர் உடன்பிறந்தாரோடு தொடங்கிய நிறுவனம். கொல்கத்தா அருகே பாட்டாநகர் 1934இல் எழுந்தது. மற்றவர் கமில் சுவலெபில். 1927இல் பிராகாவில் பிறந்து, அங்கேயே தமிழ் கற்று, கற்பித்து, 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, சிகாகோவிலும் நெதர்லாந்திலும் இருந்து தமிழ் இலக்கிய வரலாற்றை உலகுக்கு எழுதியவர். கால வரையறையில் நம்மவர் பலரை அவர் சினங்கொள்ள வைத்தார். சான்று இல்லாத பழமையை ஏற்கமாட்டேன் என்ற அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கெபாவுரின் நினைவு வரும். சுவலெபில் வெளியேறிய பின்னும் பிராகாவின் கார்ல் பல்கலைக்கழகத்தில் யாரோஸ்லாவ் வாட்செக் தமிழ் கற்பித்தார்.